கவாய் தீவின் நா பாலி கரையை ஹெலிகாப்டரில் பார்ப்பது எப்படி?

ஹவாயின் கவாய் தீவில் கரையோரமாகவே காரில் போனால் ஓரிடத்தில் சாலை முடிந்துவிடும். வடமேற்கில் நா பாலி மலைச்சுவர் குறுக்கே நிற்கிறது. சில இடங்களில் 4,000 அடி உயரம். அங்கே நடந்து போகலாம், படகில் போகலாம். குளிர்காலப் பேரலைகளில் படகும் சிரமம்தான். முழுக் கரையையும் ஒரே மூச்சில் பார்க்க ஹெலிகாப்டரே வழி.

முதலில் நாள்

பயணத்தின் கடைசி நாளில் பதிவு செய்யாதீர்கள். தீவில் இறங்கிய முதல் ஓரிரு நாட்களுக்குள் வைத்துக்கொண்டால், மழையால் ரத்தானாலும் வேறு நாள் கிடைக்கும். ரத்து செய்தால் வாதாட வேண்டாம். 2019 டிசம்பர் 26 அன்று இதே தீவில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் மேகத்துக்குள் சிக்கி மலையில் மோதி, அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். "இன்று வேண்டாம்" என்று சொல்லும் விமானிதான் நல்ல விமானி.

காலையா, மாலையா? நடுவிலிருக்கும் வாயலேயலே சிகரத்தை மேகம் மூடுவதற்குள் பார்க்கக் காலை நல்லது. ஆனால் நா பாலி வடமேற்கு நோக்கியது. வெயில் அதன்மேல் விழுவது பிற்பகலில்தான். கரைதான் முக்கியம் என்றால் பிற்பகலை எடுங்கள். நான் அதைத்தான் சொல்வேன்.

எடையும் இருக்கையும்

உடை, காலணியோடு சேர்த்து உண்மையான எடையைச் சொல்லுங்கள். எப்படியும் நிறுத்துப் பார்ப்பார்கள். சமநிலைக்காக அதை வைத்தே இருக்கை ஒதுக்குவார்கள். எந்தத் திசையில் சுற்றுவார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள். விமான நிலையம் இருக்கும் லிஹூயி ஊரில் கிளம்பி வலச்சுற்றாகப் போனால் தீவு எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கும். மற்றப் பக்கத்தில் இடம் கிடைத்தாலும் கவலை வேண்டாம், திருப்பிக் காட்டுவார்கள்.

கிளம்பும் முன்

ஸ்கூபா டைவிங் செய்திருந்தால் 24 மணி நேரம் பறக்க வேண்டாம். இதில் சமரசமே கூடாது. குமட்டல் வருபவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புச் சட்டை அணியுங்கள். வெளிர்நிறச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தைக் கெடுக்கும். கதவில்லாத ஹெலிகாப்டர் என்றால் தொப்பி, துப்பட்டா எதுவும் கூடாது.

ஏறும்போது ஊழியர் அழைத்துப் போகும் வழியிலேயே போங்கள். வால்பக்கம் சுழலும் விசிறி கண்ணுக்கே தெரியாது, அந்தப் பக்கம் ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

மேலே போனதும்

முதலில் வைமேயா பள்ளத்தாக்கின் செம்மண். அதைத் தாண்டியதும் கடல் விரிய, பச்சை மலைச்சுவர் சேலைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக நிற்கும். சுமார் 50 லட்சம் ஆண்டுகள் பழைய எரிமலைப் பாறையை மழையும் ஓடையும் அறுத்த மடிப்புகள் அவை. கடலலையும் அடியை அரித்ததால்தான் இவ்வளவு செங்குத்து. உற்றுப் பார்த்தால் பாறையில் கிடைக்கோடுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஓடிய எரிமலைக் குழம்பு.

கேமராவைக் கண்ணாடிக்கு மிக அருகில் பிடியுங்கள், ஆனால் தொடவிடாதீர்கள்; அதிர்வு படத்தில் ஏறிவிடும். ஷட்டர் வேகம் 1/1000 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். நா பாலி தொடங்கியதும் நாலு படம் எடுத்துவிட்டுக் கேமராவை மடியில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு பள்ளத்தாக்கு ஒளிந்திருக்கும். ஹெலிகாப்டர் அதைக் கடக்கும் சில நொடிகள்தான் அது திறந்து தெரியும்.