ஸ்டிங்க்நெட்டைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்

அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு: கேரட் இலை மாதிரி நுணுக்கமாகப் பிரிந்து, கசக்கினால் குப்பென்று நாறுகிற ஸ்டிங்க்நெட் (stinknet) என்ற களைச்செடி தோட்டத்தில் முளைத்திருந்தால், மழை பெய்த மறுநாளே வேரோடு பிடுங்கிவிடுங்கள், மஞ்சள் உருண்டைப் பூ வரும்வரை காத்திருக்காதீர்கள். மழை இல்லையென்றால் முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டாலும் போதும்.

இது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருபருவச் செடி. குளிர்கால மழைக்கு முளைத்து, வசந்தத்தில் பூத்து, வெயில் ஏறியதும் காய்ந்து செத்துவிடும், அடுத்த வருடத்துக்கு அது விட்டுப் போவது விதையை மட்டும்தான். அதனால் விதை பிடிப்பதற்கு முன்னால் பிடுங்கினால் அந்த வருடம் மண்ணில் புது விதை சேராது. ஆனால் மண்ணில் ஏற்கனவே கிடக்கிற விதை முளைக்கும், அதனால் ஒரே தடவையில் தீராது.

கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் மூன்றும் வேண்டும். நம் ஊர் பார்த்தீனியத்தின் குடும்பம்தான் இதுவும், சிலருக்குத் தோல் தடிக்கும், மூச்சு இழுக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

பூத்துக் காய்ந்துவிட்டதா, அப்புறம் இந்த வழி சரிப்படாது. இழுக்கும்போதே விதை உதிரும், வெட்டும் இயந்திரம் வைத்தால் இன்னும் மோசம். பூந்தலைகளுக்கு அடியில் பையைப் பிடித்துக்கொண்டு, அவற்றை அதற்குள் நறுக்கி, இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். கொளுத்தவே கூடாது, அந்தப் புகை தொண்டையை அறுக்கும். ஏக்கர் கணக்கில் பரவியிருந்தால் கையால் ஆகாது, இலையுதிர் காலத்தில் மழைக்கு முன்பே முளைப்பைத் தடுக்கும் களைக்கொல்லி தெளிப்பதுதான் வழி.