பனிமூட்டத்தில் ஆர்கான் வெல்டிங்

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆர்கான் கேஸால் மூடி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெல்டிங் செய்யும்போது தையலில் ஊசித் துளை விழுந்தால் உடனே கேஸைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் காற்றோ ஈரமோ உள்ளே புகுந்திருக்கும்.

ஆர்கான் அணுவின் வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால் அது உருகிய உலோகத்தோடு சேராது. நைட்ரஜனும் மந்தமான வாயுதான், ஆனால் ஆர்க் (மின்வில்) சூட்டில் பிரிந்து உலோகத்தில் கரைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனை விடும். மிக் வெல்டிங்குக்கான (கம்பியே உருகிச் சேரும் முறை) ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு கலவை சிலிண்டரைத் தவறி மாட்டினால் டார்ச்சின் டங்ஸ்டன் முனை கருகித் தேய்வது இதனால்தான். லேபிளைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

2 மி.மீ. 304 ரக எஸ்.எஸ். தகட்டுக்கு 1.6 மி.மீ. டங்ஸ்டன், 6ஆம் நம்பர் கப் (டார்ச்சில் கேஸ் வெளிவரும் குழல்), 60 முதல் 80 ஆம்ப், நிமிடத்துக்கு 8 லிட்டர் கேஸ் போதும். டி.சி.யில் டார்ச் மைனஸில் இருக்கட்டும்.

பனி இறங்கிய காலையில் தகடு வியர்த்திருக்கும். பலர் சூடாக்கிவிட்டு அசிட்டோன் போடுகிறார்கள், வரிசை தவறு. அசிட்டோன் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து மறுபடி ஈரம் படியும். முதலில் துடையுங்கள், முழுக்கக் காய விடுங்கள், பிறகு ஹாட் ஏர் கன்னால் கை பொறுக்கும் அளவு சூடாக்குங்கள். பில்லர் ராடையும் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) மறக்க வேண்டாம்.

ஆடி மாதக் காற்றில் கேஸை 20 லிட்டருக்குத் திறப்பது வீண். அவ்வளவு வேகத்தில் ஓட்டம் சுழன்று வெளிக்காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். காற்று வரும் பக்கம் தட்டி கட்டுங்கள். ஆர்க் அணைந்தபின் கேஸ் ஓடிக்கொண்டிருக்க 6 முதல் 8 நொடி டார்ச்சை எடுக்காதீர்கள். தையல் வைக்கோல் நிறமாக இருந்தால் நல்லது. சாம்பல் நிறமானால் கேஸ் மூடவில்லை.

பைப்பின் உட்புறம் கரடுமுரடாகக் கருகாமலிருக்க, இரு முனையையும் அடைத்து உள்ளேயும் ஆர்கான் விடுங்கள். அது காற்றைவிட சுமார் 1.4 மடங்கு கனம். கீழிருந்து செலுத்தி, மேலே சிறு துளை வையுங்கள்.

அதே கனம்தான் ஆபத்தும். குளிருக்காகக் கதவு, ஜன்னலை அடைத்த அறையிலும் தொட்டியின் அடியிலும் ஆர்கான் தேங்கும். நிறமில்லை, மணமில்லை, மூச்சு முட்டுவதும் தெரியாது. ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் வால்வை மூடி, புளோயரால் வெளிக்காற்றைச் செலுத்தி, தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள். சுவாசக் கருவி இல்லாமல் யாரும் பின்னால் குதிக்கக் கூடாது.