மலைப்பாதையில் இருவருக்கு ஒரு நாள்

விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் பள்ளத்தாக்கே கண்ணில் படாது. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஸ்வெட்டர் டிக்கியில் வேண்டாம், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கவனம் தேவைப்படுவது இறக்கத்தில்தான். ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறி, பிடிக்காமல் போய்விடும். ஒருமுறை எங்களுக்குக் கருகல் வாடை வந்து, அரை மணி நேரம் ஓரமாக நின்றோம். என் மனைவிக்கு அன்றைக்குப் பிடித்த இடமே அதுதான்! அப்புறம், குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றினால் தூரத்துச் சாலையைப் பாருங்கள், போனை அல்ல. பாதி வழியில் ஸ்டியரிங்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டுபவருக்கு ரோடு மட்டும்தான் தெரியும், பாவம்.