‘உவெரி குட்’ எங்கிருந்து வந்தது?

குன்னூரில் டாக்சி ஓட்டுபவர்களுக்கும் ஹோம்ஸ்டேயில் வேலை பார்ப்பவர்களுக்கும் மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கிலம் வளர வளர உச்சரிப்புத் தவறு குறையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது வேஷம்தான் மாற்றிக்கொள்கிறது. முதல் மாதத் தவறுக்கும் ஆறாம் மாதத் தவறுக்கும் ஒரே மருந்து கொடுப்பது பெரிய தப்பு.

புதிதாக வருபவர் ‘இஸ்கூல்’ என்பார், ‘பஸ்ஸு’ என்பார். தமிழ்ச் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது, வல்லின மெய்யிலோ ‘ஸ்’ போன்ற ஒலியிலோ முடியாது. அவருடைய நாக்கு இலக்கணத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் ஒவ்வொன்றையும் திருத்தினால் வாயையே மூடிக்கொள்வார். ‘திங்க்’ என்பதைத் தமிழ் ‘த’ வைத்துச் சொன்னாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும், விட்டுவிடுங்கள். (நாக்கு நுனியைப் பல்லில் வைத்து ஊதும் அந்த ஒலி தமிழில் இல்லை. பக்கத்து மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், பேசும் தோடர் மொழியில் இருக்கிறது!)

விடக் கூடாதது வேறு. வெள்ளைக்காரப் பயணி காரில் கோட்டை மறந்துவிட்டுப் போனார். ஓட்டுநர் போன் செய்து, “யுவர் கோட் இன் மை கார்” என்றார். மறுமுனையில் சிரிப்பு, ஆடு என்று கேட்டிருக்கிறது. ஓட்டுநர் ‘க’வைத் தவறாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் க, ப, ட ஒலிகளோடு ஒரு மூச்சுக்காற்று சேர்ந்து வரும். அது இல்லாவிட்டால் ஆங்கிலேயர் காதில் ஆடாகிவிடுகிறது. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து ‘பேப்பர்’ என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் அசைய வேண்டும்.

கொஞ்சம் தேறியவர்களின் தவறு அலாதி. ‘ஒன்’, ‘வாட்டர்’ போன்ற சொற்களுக்கு உதட்டைக் குவிக்கக் கற்றுக்கொண்டதும், குவிக்கக் கூடாத இடத்திலும் குவிப்பார்கள். அப்படி வந்ததுதான் ‘உவெரி குட்’. நம்ம ஊர் ‘வெரி’யே தேவலை. படிக்கத் தெரிந்ததால் வருகிற தவறும் உண்டு: எழுத்தைப் பார்த்து walked, called இரண்டையும் ‘வாக்கெட்’, ‘காலெட்’ என்பது. முன்னது ‘வாக்ட்’, பின்னது ‘கால்டு’. ‘வான்டட்’ போல ட ஒலியில் முடியும் வினைக்கு மட்டும்தான் கூடுதல் அசை. ‘க்ளைம்ப்’ என்பதில் ப் இல்லை, ‘க்ளைம்’ போதும். எங்கள் ஊர்க் காட்சிமுனையான லேம்ப்ஸ் ராக்கை (Lamb's Rock) மட்டும் ஊரே அப்படிச் சொல்வதால் நான் தொடுவதில்லை.

நன்றாகப் பேசுபவர்களுக்கு வருவது ஸ்டைல் ஆசை. எல்லா ‘ர’வையும் சுருட்டி, வேகத்தையும் கூட்டிவிடுவார்கள். கனடாவில் மன்றோ, டெர்விங் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, வேற்றுமொழி வாடை பலமாக இருந்தாலும் பேச்சு முழுதாகப் புரியலாம் என்று காட்டியது. வாடையைத் துடைக்கும் உழைப்பை அழுத்தத்தில் போடலாம். சிம்ஸ் பார்க் போக ‘ஃபிஃப்டீன்’ நிமிடம் என்றால் பயணிக்கு ஐம்பதாகக் கேட்கிறது. கடைசி ‘டீன்’ நீண்டு, அழுத்தமும் அங்கே விழ வேண்டும். கூடவே விரல்களையும் காட்டுகிறவர்களுக்கு நான் மார்க் குறைப்பதில்லை.