மல்யுத்த ரோல்பிளேயில் மோசமான ஹீலை எழுதுவது எப்படி? தொடங்குபவர்களுக்கான செய்முறை

இணையத்தில் மல்யுத்தக் கதை எழுதி மோதிக்கொள்ளும் குழுவுக்கு இ-ஃபெட் என்று பெயர். அதில் புதிதாகச் சேர்பவர்களில் பலருக்கு ஹீல், அதாவது வில்லன் வீரனை, எழுதத்தான் ஆசை. நியாயமான ஆசைதான், வசனமெல்லாம் அவனிடம்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது ப்ரோமோவிலேயே (எதிராளிக்குச் சவால் விட்டு வீரன் பேசும் பேச்சு) சிக்கல் ஆரம்பித்துவிடும். அவன் பெண்களை மட்டம் தட்டுகிறான், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை ஏசுகிறான். படிக்கிறவர்களுக்கோ ‘இதை எழுதினவரே இப்படித்தான் நினைக்கிறாரோ’ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. “இவை கதாபாத்திரத்தின் கருத்துகள் மட்டுமே” என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போடுங்கள், தப்பில்லை. ஆனால் உங்களையும் அவனையும் பிரித்துக் காட்டும் வேலையை அந்த ஒரு வரியால் செய்ய முடியாது. அது எழுத்துக்குள் நடக்க வேண்டிய வேலை.

இந்த விளையாட்டே புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவருக்கு ஹேண்ட்லர் என்று பெயர். ஒவ்வொரு ஹேண்ட்லரும் தனக்கென்று ஒரு மல்யுத்த வீரரை உருவாக்கிக்கொள்வார். மேட்ச்சுக்கு முன்னால் இரண்டு பேரும் தங்கள் வீரரின் பேச்சும் காட்சிகளும் கொண்ட ரோல்பிளே எழுதி அனுப்புவார்கள். பல ஃபெட்களில் எது நன்றாக இருக்கிறதோ அதை எழுதியவரின் வீரருக்கே வெற்றி. ஆக, கதை உங்கள் கையில் மட்டும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் நிஜமான ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இது எப்போதும் நினைவில் இருக்கட்டும்.

படி 1: நிஜத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்

சார்ஜென்ட் ஸ்லாட்டர் அமெரிக்க ராணுவ வேடத்தில் புகழ்பெற்ற மல்யுத்த வீரர். வளைகுடாப் போர் நேரத்தில் அவரை ஈராக் ஆதரவாளராக மாற்றினார்கள். 1991 ஜனவரியில் சாம்பியன் ஆனார், மார்ச்சில் ரெசில்மேனியா 7 நிகழ்ச்சியில் ஹல்க் ஹோகன் என்ற வீரரிடம் தோற்றார். இடைப்பட்ட காலத்தில் அவருக்கு நிஜமாகவே கொலை மிரட்டல்கள் வந்தன. ‘எல்லாம் கேஃபேப்தான்’ (நிஜம்போலக் காட்டும் நடிப்புதான்) என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமான பாடம் முகமது ஹசன் என்ற மல்யுத்தப் பாத்திரத்தின் கதையில் இருக்கிறது. அந்த வேடத்தில் நடித்த மார்க் கோப்பானி இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். ஹசன் ஓர் அரபு அமெரிக்கர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தன்னைப் போன்றவர்களை எல்லோரும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்பதுதான் அவருடைய புகார். முழுக்க நியாயமான புகார். அதைச் சொல்பவரைத்தான் ஹீல் ஆக்கினார்கள். பிறகு முகமூடி அணிந்த ஆட்கள் அவருக்காக அண்டர்டேக்கர் என்ற வீரரைத் தாக்குவதுபோல ஒரு காட்சி வைத்தார்கள். ஜூலை 4 அன்று படமாக்கிய அந்தக் காட்சி, 2005 ஜூலை 7 அன்று ஒளிபரப்பானது. அதே நாளில்தான் லண்டனில் குண்டுகள் வெடித்தன. பெரும் எதிர்ப்பு கிளம்பியது, ஒளிபரப்பிய யுபிஎன் தொலைக்காட்சி அவரைத் திரையில் காட்ட மறுத்தது. அந்த மாதக் கடைசியில் அண்டர்டேக்கரிடம் தோற்க வைத்து அந்தப் பாத்திரத்தையே முடித்துவிட்டார்கள்.

ஹசன் பேசிய வசனத்தைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அந்த வசனத்தை வைத்துக் கதை என்ன செய்தது என்பதில்தான் கோளாறு. நியாயமாகப் பேசியவரைக் கொண்டுபோய்த் தீவிரவாதியைப் போல நிறுத்திவிட்டார்கள். எழுதுகிறவரின் கருத்து கசிவது அந்த இடத்தில்தான். உங்கள் ஹீல் எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் பேசட்டும், கதை அவனுக்கு ஆமாம் போடுகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் வாசகர் உங்களை எடைபோடுவார்.

படி 2: எழுதும் முன் நான்கு வரிக் குறிப்பு

அவன் என்ன நம்புகிறான், அந்த நம்பிக்கையால் அவனுக்கு என்ன லாபம், அதில் எங்கே தவறுகிறான், இதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன். யாருக்கும் காட்ட வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். மூன்றாவது வரிக்குப் பதில் வரவில்லையென்றால் ப்ரோமோவைத் தொடங்காதீர்கள். அவனை முட்டாளாகவும் ஆக்கிவிடாதீர்கள். நிஜமான ஒரு வலியைக் கொடுங்கள், அதிலிருந்து அவன் தப்பான முடிவுக்கு வரட்டும். நல்ல ஹீல் தன் பக்கம்தான் நியாயம் என்று மனதார நம்புவான்.

படி 3: கதைசொல்லியின் வாயில் ஹீலின் கருத்தை வைக்காதீர்கள்

தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். டியூக் என்று ஒரு மூத்த வீரன், அடுத்த வாரம் ரெனாட்டா என்ற வீராங்கனையோடு மோதப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதினால் என்ன ஆகும்?

“டியூக் மைக்கை எடுத்தான். பெண்களால் பத்து நிமிடத்துக்கு மேல் ரிங்கில் தாக்குப்பிடிக்க முடியாது. ரெனாட்டாவும் விதிவிலக்கில்லை. டியூக் சிரித்தான்.”

நடுவில் இருக்கும் இரண்டு வாக்கியங்களும் யாருடையவை? மேற்கோள் குறி இல்லை, ‘அவன் நினைத்தான்’ என்றும் இல்லை. படிக்கிறவர் அதை உங்கள் கணக்கில்தான் எழுதுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இப்போது இதைப் பாருங்கள்:

“மூன்று மாடி ஏறி வந்ததில் டியூக்குக்கு மூச்சு வாங்கியது. வலது முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்தான். ‘பொம்பளைங்களால பத்து நிமிஷத்துக்கு மேல ரிங்ல நிக்க முடியாதுப்பா. பாவம், அவளை நான் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிடறேன்.’ சொல்லிவிட்டுச் சிரித்தான். கேமராமேன் சிரிக்கவில்லை. போன மாதம் ரெனாட்டா 22 நிமிடம் மோதி ஜெயித்த மேட்ச்சைப் படம் பிடித்தவர் அவர்தான்.”

டியூக்கின் திமிரில் ஒரு துளி குறையவில்லை, பேச்சு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஐஸ் பை ஒன்று சொல்கிறது, கேமராமேனின் முகம் ஒன்று சொல்கிறது. ‘டியூக் சொல்வது தவறு’ என்று நீங்கள் வெளிப்படையாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதினால் காட்சி செத்துவிடும்.

பெரும்பாலான இ-ஃபெட்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தமிழில் எழுதிப் பார்ப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. டியூக் அவளை ‘அவ’ என்று பேச்சுத்தமிழில் சொல்லட்டும், நீங்கள் கதை சொல்லும்போது ‘ரெனாட்டா வந்தார்’ என்று மரியாதையோடு எழுதுங்கள். யார் பேசுகிறார்கள் என்பது தானாகவே விளங்கிவிடும்.

இன்னொரு உத்தி, கேமராவுக்கு வெளியே நடக்கும் காட்சிகள். பல ஃபெட்களில் அந்தக் காட்சியில் நடப்பதை எதிராளியின் பாத்திரம் தெரிந்துகொண்டதாக எழுதக் கூடாது. அதனால் டியூக் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறான் என்பதை அங்கே தாராளமாகக் காட்டலாம். ரெனாட்டாவின் பழைய மேட்ச்சை இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான் என்று வைத்தால், பயம்தான் அவனை அப்படிப் பேச வைக்கிறது என்று வாசகருக்குப் புரியும்.

படி 4: எதிர் ஹேண்ட்லரிடம் முதலிலேயே கேளுங்கள்

“என் பாத்திரம் இந்த வாரம் ரெனாட்டாவைப் பெண் என்பதற்காக மட்டம் தட்டிப் பேசும். உங்களுக்குச் சம்மதமா? தொடக் கூடாத விஷயம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.” இவ்வளவு போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். பாலியல் வன்முறை, இனம், மதம், இறந்த உறவினர் போன்றவற்றை அனுமதி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். ஒரு சமூகத்தையே இழிவு செய்யும் வசைச்சொல்லை எழுத்தில் வைக்க வேண்டியதில்லை. “அவன் சொன்ன வார்த்தையைக் கேட்டு முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது” என்றாலே காட்சி நடந்துவிடும். அந்தச் சொல்லை மட்டும் நம்பி நிற்கிற ப்ரோமோ சீப் ஹீட்தான், அதாவது உழைப்பில்லாமல் சம்பாதிக்கும் வெறுப்பு. ரோல்பிளேக்களை மதிப்பிடும் அனுபவமுள்ள நடுவர் அதற்கு மதிப்பெண் தர மாட்டார்.

படி 5: எதிராளிக்குப் பிடி கொடுங்கள்

டியூக்கின் பேச்சில் வேண்டுமென்றே ஓர் ஓட்டை விடுங்கள். ‘பத்து நிமிஷம்’ என்று எண்ணைச் சொன்னது அதற்காகத்தான். ரெனாட்டாவின் ஹேண்ட்லர் அதைப் பிடித்துக்கொண்டு பதினொன்றாவது நிமிடத்தை வைத்தே தன் ப்ரோமோவைக் கட்டுவார். முடிவில் தோற்றால் டியூக்கைச் சும்மா தப்பவிடாதீர்கள். ‘ரெஃப்ரி ஏமாற்றிவிட்டார்’ என்று அவன் புலம்பலாம், ஆனால் அவன் சொன்னது பொய்யாகிப்போனதை அடுத்த ரோல்பிளேயில் யாராவது அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். ஒருவேளை அவன் ஜெயித்துவிட்டால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் அப்போது கதை அவன் பக்கம் சாய்ந்ததுபோலத் தெரியும். அந்த வெற்றிக்கு அவன் கொடுத்த விலையைக் காட்டுங்கள்.

படி 6: ஓஓசி-யில் நீங்களாகவே பேசுங்கள்

பாத்திரத்துக்கு வெளியே ஹேண்ட்லர்களாகப் பேசிக்கொள்ளும் இடம்தான் ஓஓசி. அங்கே டியூக்கின் குரலில் பதில் போடாதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். மேட்ச் முடிந்ததும் எதிர் ஹேண்ட்லரின் எழுத்தில் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். யாராவது ‘இது என்னைக் காயப்படுத்தியது’ என்று வந்தால், ‘அது என் கேரக்டர், நான் இல்லை’ என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். எந்த வரி என்று கேளுங்கள், அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். பெரும்பாலும் படி 3-இல் சொன்னதுபோல, கதைசொல்லியின் வாய்க்குள் நழுவிப்போன ஒரு வாக்கியமாகத்தான் அது இருக்கும். திருத்திவிட்டு, திருத்தியதை அவரிடமும் சொல்லுங்கள்.