தம்ளரில் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா: தொண்டை கட்டாமல் சாதகம் செய்யும் முறை

நாள் முழுக்கப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் விடியலில் அகார சாதகம் (‘ஆ’ என்று இழுத்துப் பாடும் பயிற்சி) செய்யும் இசை மாணவருக்கும் குரல் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். தயாராகாத தொண்டையை எடுத்த எடுப்பிலேயே அழுத்துகிறார்கள். பேசும்போது குரல் நாண்கள் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதல் கடுமையானால் வீங்கிக் கரகரக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் உள்ளங்கைக் காய்ப்புபோல முடிச்சு விழும்.

தம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவின் நுனியை 2 செ.மீ. மட்டும் அமிழ்த்துங்கள். உதட்டைக் காற்றுக் கசியாமல் மூடி, சாதாரணமாகப் பேசும் சுருதியில் ‘ஊ’ என்று 5 நொடி இழுங்கள். வெறுமனே ஊதினால் பயனில்லை. தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். இப்படி ஆறு முறை. பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை மெல்ல வழுக்கிச் செல்லுங்கள். கடைசியாக சரளி வரிசை (‘ச ரி க ம’ தொடக்கப் பாடம்) ஒன்றின் மெட்டை ஸ்ட்ராவிலேயே பாடுங்கள். மொத்தம் 5 நிமிடம் போதும்.

குறுகிய வழியில் காற்று தடைபடுவதால் வாய்க்குள் அழுத்தம் தேங்கி, நாண்களை மேலிருந்து லேசாக விலக்கிப் பிடிக்கிறது. அதனால் அவை அறைந்துகொள்ளாமல் அதிர்கின்றன.

குமிழ்கள் சீராக வரவேண்டும். விட்டு விட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று பொருள். ஸ்ட்ரா ஆழமாக இறங்கினால் தள்ள வேண்டியிருக்கும், கழுத்து இறுகிவிடும். மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியே போகிறது. மேலே போகும்போது குரல் உடையும் இடத்தில் பலத்தைக் கூட்டாதீர்கள். பாதிச் சத்தத்தில் திரும்பத் திரும்பக் கடந்தால்தான் பிசிறு குறையும். வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பதை ஓய்வு என்று நினைக்க வேண்டாம். பலருக்கு அது தொண்டையை இறுக்கவே செய்யும். செருமாமல் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். குடிக்கும் தண்ணீர் நாண்களை நேரே தொடுவதில்லை, உணவுக் குழாய்க்குத்தான் போகிறது. ஆகவே கச்சேரிக்கு முன் மட்டுமல்ல, நாள் முழுக்கக் குடியுங்கள். பனங்கற்கண்டும் மிளகும் இதம்தான், ஆனால் முடிச்சைக் கரைக்காது. கரகரப்பு 3 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களைக் காட்டிவிடுங்கள்.

வகுப்போ சாதகமோ முடிந்ததும் 2 நிமிடம் மறுபடி அதே ஸ்ட்ரா. இம்முறை மேலிருந்து கீழாக மட்டும்.