பால்ய நண்பர்கள் சேர்ந்து இண்டி ராக் குழு தொடங்குவது எப்படி?

பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் சுயாதீனமாக இயங்கும் ராக் இசைக்குழுதான் இண்டி ராக் குழு. எல்லோரும் கருவிகளை நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் குழு தொடங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹை கிரீன் பகுதியில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வளர்ந்த அலெக்ஸ் டர்னரும் மாட் ஹெல்டர்ஸும், 2002-இல் நண்பர்களோடு ஆர்க்டிக் மங்கீஸ் குழுவைத் தொடங்கியபோது வாசிக்கத் தொடங்கியவர்களாகவே இருந்தார்கள். மற்றவர்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டதால், மிஞ்சிய டிரம்ஸ் ஹெல்டர்ஸுக்கு வந்தது. உங்கள் குழுவிலும் யார் எதை வாசிப்பது என்பதை முதல் நாளிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

அடுத்து, பயிற்சிக்கு ஒரு கிழமையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோஹெட் என்ற ராக் குழுவினர் இங்கிலாந்தின் ஆபிங்டனில் பள்ளி மாணவர்களாக இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சி செய்ததால், தங்கள் குழுவுக்கே 'ஆன் எ ஃப்ரைடே' (ஒரு வெள்ளிக்கிழமையில்) என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்.

சிறிய அறையில் பெரும்பாலும் கெடுவது பாட்டுக்காரரின் குரல்தான். கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் பெட்டி தரையில் இருந்தால், ஒலி வாசிப்பவரின் முழங்காலோடு போய்விடும். தனக்குக் கேட்கவில்லை என்று அவர் ஒலியைக் கூட்டுவார், அதைக் கேட்டு டிரம்ஸ்காரர் ஓங்கி அடிப்பார், குரல் அடியில் அமுங்கிவிடும். ஆம்பை நாற்காலியில் ஏற்றி கிட்டார் வாசிப்பவரின் காதை நோக்கிச் சாய்த்து வைத்தால், அவரே ஒலியைக் குறைத்துக்கொள்வார். பிறகு கைபேசியை அறையின் மூலையில் வைத்து முழுப் பாட்டையும் பதிவுசெய்து, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் சேர்ந்து விழுகின்றனவா, பல்லவிக்கு வந்ததும் வேகம் கூடுகிறதா என்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேளுங்கள். முதல் ஆண்டில் பதிவுக்கூடத்துக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆர்க்டிக் மங்கீஸ் 2003 ஜூனில்தான் ஷெஃபீல்டின் தி கிரேப்ஸ் மதுவிடுதியில் முதன்முதலாக மேடையேறினார்கள். நிகழ்ச்சிகளில் அவர்கள் இலவசமாகக் கொடுத்த குறுந்தகடுகளை ரசிகர்களே இணையத்தில் பரப்பினார்கள். 2005-இல் டொமினோ என்ற சுயாதீன இசை வெளியீட்டு நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் செய்தது. 2006 ஜனவரியில் வெளிவந்த முதல் ஆல்பம், பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆகவே, தொடக்கப் பாடல்களைப் பூட்டி வைக்காமல் கேட்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பணப் பேச்சை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நட்பு இருக்கிறதே என்று வாய்ப்பேச்சில் விடுவதுதான் பெரிய ஆபத்து. மான்செஸ்டரின் தி ஸ்மித்ஸ் குழுவில் கிட்டார் வாசித்த ஜானி மாரும் பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்கும் பள்ளித் தோழர்கள். ஆனாலும் வருமானத்தில் ரூர்க்குக்கும் டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்கும் தலா 10 சதவீதமே கிடைத்தது. குழு கலைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1996-இல் நீதிமன்றம் சென்ற பிறகே ஜாய்ஸுக்கு 25 சதவீதம் உண்டு என்று தீர்ப்பாயிற்று. எனவே பாடல் எழுதியவருக்கு எவ்வளவு, மேடை வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, சேர்ந்து வாங்கிய ஆம்ப் யாருடையது, ஒருவர் விலகினால் குழுவின் பெயர் யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் முதல் ரூபாய் வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.